அத்தியாயம் 7: வீடுகளுக்கு மாத மடல் எழுதும் முறை

தொடக்கப் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியர் பொறுப்பை ஏற்பவர், வருகைப் பதிவேட்டையும் சத்துணவுக் கணக்கையும் முன்னவரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் அன்றே, எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத வேறொரு கடமையையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறார். பள்ளியில் நடந்தவற்றையும் நடக்கவிருப்பவற்றையும் மாணவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் உரிய காலத்தில், புரியும் விதத்தில், மனம் நோகாதபடி தெரிவிப்பதே அக்கடமை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளுக்கும், அவற்றை ஒத்த நகராட்சிப் பள்ளிகளுக்கும், உதவி பெறும் பள்ளிகளுக்கும் பயன்படுமாறு இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது.

முறைகள் பலவாக இருப்பினும் அளவுகோல் ஒன்றே. ஐந்தாம் வகுப்புக் குழந்தை மாலையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மடலை உரக்க வாசிக்க, அதைக் கேட்டிருந்த பாட்டி, ‘நாளைக்கு நாம் செய்ய வேண்டியது இது’ என்று தம் வாயால் திரும்பச் சொல்லக்கூடுமானால் அது நல்ல மடல். கூடாதெனில், எவ்வளவு இலக்கண சுத்தமாக இருப்பினும் அதைத் திருத்தி எழுத வேண்டும். ஆசிரியர்களுக்காக எழுதப்படும் இந்நூலின் வாக்கியங்கள் நீண்டிருக்கலாம். வீடுகளுக்குச் செல்லும் வாக்கியங்கள் நீளலாகாது.

மக்களிடம் தெளிவாகச் சொன்னால் மக்கள் செய்வார்கள் என்பதற்கு நம் மாநிலக் கல்வி வரலாற்றிலேயே சான்று உண்டு. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் விளங்கிய 1950களின் பிற்பகுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடந்தன. இன்ன பள்ளிக்கு இன்ன பொருள் தேவை என்று பட்டியலிட்டு வெளிப்படையாக அறிவித்தபொழுது, ஊரார் தம்மால் இயன்றதைத் தாமே முன்வந்து கொடுத்தார்கள். அம்மாநாடுகளின் வெற்றிக்குக் காரணங்கள் பல. தேவையைச் சுற்றிவளைக்காமல் சொன்னதும் அவற்றுள் ஒன்றென்பது என் துணிபு. இன்றோ, 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென விதித்திருப்பதால், செய்தி அறிவது பெற்றோருக்கு உரிமையாகவே ஆகிவிட்டது.

எழுதுமுன்: எவ்வீட்டுக்கு எழுதுகிறோம்?

இப்பகுதியின் வாழ்க்கைமுறையை மனத்திற்கொள்ளாமல் எழுதப்படும் மடல் பாதி வீடுகளுக்கு எட்டாது. குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் போன்ற விசைத்தறி ஊர்களில் தாயும் தந்தையும் பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என மாறி மாறி வேலைக்குப் போகிறார்கள். இரவெல்லாம் தறி ஓட்டியவர் காலை ஒன்பது மணிக்கு உறங்கிக்கொண்டிருப்பார் என்பதால், அந்நேரத்தில் அனுப்பும் செய்தியை அவர் காணும்பொழுது பொழுது சாய்ந்திருக்கும். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர்களும், திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோடு வெளிமாநிலங்களுக்குச் செல்வோரும் வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில், வீடு திரும்புவதில்லை. கைப்பேசி அவர்களோடு போய்விடுகிறது, குழந்தையோ தாயிடமும் அம்மாயியிடமும் இருக்கிறது. ஆகவே, தந்தையின் எண் ஒன்றையே குறித்துவைத்திருக்கும் பள்ளி, தன் செய்தியைத் தொலைதூர நெடுஞ்சாலையில் நிற்கும் லாரிக்கு அனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து பதில் வரவில்லையே என்று காத்திருக்கும்.

கோழிப் பண்ணைகளிலும், ஜவ்வரிசி ஆலைகளிலும், செங்கல் சூளைகளிலும் வெளிமாநிலக் குடும்பங்கள் தங்கி வேலை செய்கின்றன. அவர்களுடைய குழந்தைகள் நம் வகுப்பறையில் தமிழ் எழுத்துகளை விரைவாகவே கற்றுக்கொள்கின்றன, பெற்றோர்களோ கற்க வாய்ப்பற்றவர்கள். சேலத்தின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வீடே தொழிற்கூடமாக இருப்பதால் பெற்றோர் வீட்டிலேயே இருந்தும் நேரமற்றவர்களாக இருக்கிறார்கள். தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ வீட்டில் பேசும் குடும்பங்களும் இம்மாவட்டங்களில் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் தமிழைச் சரளமாகப் பேசுவார்கள், ஆயினும் அச்செழுத்துத் தமிழ் அவர்களுள் மூத்தோர் சிலருக்குப் பழக்கமற்றதாக இருக்கலாம்.

ஜூன் மாதத்தில் சேர்க்கை முடிந்தவுடன், வகுப்பாசிரியர்களைக்கொண்டு மாணவர்தோறும் ஒரு வரிக் குறிப்பெழுதி வைத்துக்கொள்க: வீட்டில் மடலை வாசிப்பவர் யார், எந்நேரத்தில் அவர் வீட்டிலிருப்பார், இரண்டாவது கைப்பேசி எண் யாருடையது, வீட்டு மொழி யாது. இந்நான்கும் அறிந்த பள்ளிக்குப் பிற்பாடு வரும் சிரமங்களில் பெரும்பாலானவை வருவதில்லை.

மடல் எழுதும் வரிசை

1. *விஷயங்களைச் சேகரித்தல்.* ஒவ்வொரு மாதத்தின் கடைசி வாரத்திலும் ஒரு தனிக் குறிப்பேட்டில் அடுத்த மாத விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியர்களை மட்டுமன்றி, சத்துணவு அமைப்பாளரையும், காலை உணவு சமைக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினரையும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரையும் கேளுங்கள். எந்தக் குழந்தை வெறும் வயிற்றோடு வருகிறது, எந்தத் தெருவில் காய்ச்சல் பரவுகிறது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும்.

2. *வடிகட்டல்.* ஒரு மடலுக்கு நான்கு விஷயங்களுக்கு மேல் ஆகாது. ஒவ்வொரு விஷயத்தையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள்: பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? எந்நாளுக்குள்? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இம்மூன்றுக்கும் விடையில்லாத விஷயம் அறிவிப்புப் பலகைக்கு உரியதேயன்றி மடலுக்கு உரியதன்று.

3. *நற்செய்தியை முன்னிறுத்தல்.* பள்ளியிலிருந்து தாள் வந்தாலே குற்றச்சாட்டோ கோரிக்கையோ என்று அஞ்சும் வீடுகள் இன்னும் உள்ளன. ஆகையால் முதல் வரி, குழந்தைகள் உண்மையிலேயே சாதித்த ஒன்றைப் பற்றியதாக இருக்கட்டும். ‘மாணவர்கள் சிறப்பாகப் பயில்கின்றனர்’ என்ற பொதுவசனத்தால் பயனில்லை, ‘மூன்றாம் வகுப்பார் கடைக் கணக்கைத் தாளில்லாமல் மனத்தாலேயே கூட்டுகிறார்கள், இந்த வாரம் மளிகைக் கடைக்கு அழைத்துச்சென்று பாருங்கள்’ என்றெழுதினால் தந்தை உடனே மகளை அழைப்பார்.

4. *நாளும் கிழமையும்.* தேதியோடு கிழமையையும், இயன்றால் தமிழ் மாத நாளையும் சேர்த்தெழுதுங்கள். ‘வருகிற வெள்ளி’ என்று எழுதவே எழுதாதீர்கள்; மடலை ஞாயிறன்று காண்பவருக்கு அது வேறொரு வெள்ளியாகிவிடும். கூட்டத்திற்கு நாள் குறிக்குமுன் உள்ளூர்ச் சந்தை நாளையும், தறிப் பட்டறைகளில் கூலி கொடுக்கும் நாளையும் விசாரித்து அறிந்துகொள்ளுங்கள்.

5. *பணம் பற்றிய தெளிவு.* பாடநூல், குறிப்பேடு, சீருடை, காலணி, புத்தகப் பை ஆகியவற்றை அரசு விலையின்றி வழங்குகிறது. ஆயினும் ‘விழா’, ‘போட்டி’, ‘புகைப்படம்’ என்ற சொற்களைக் கண்டவுடன் எவ்வளவு கேட்பார்களோ என்று கலங்கும் தாய்மார்கள் உள்ளமையால், பணம் வேண்டாத இடங்களிலெல்லாம் ‘இதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை’ என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அவ்வொரு வரி இல்லாத காரணத்தால், மாறுவேடப் போட்டி நாளன்று குழந்தையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

6. *உரக்க வாசிக்கச் செய்தல்.* எழுதி முடித்ததும் ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பிலேயே நன்றாக வாசிப்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், நடுத்தரமாக வாசிப்பவரே இதற்குத் தகுந்தவர். அக்குழந்தை தடுமாறும் இடங்களில் பென்சிலால் கோடிட்டு, அச்சொற்களை மாற்றுங்கள். ‘சமர்ப்பிக்கப்பட வேண்டும்’ என்பது ‘கொண்டுவந்து கொடுங்கள்’ என்றாகட்டும். ‘தவறும் பட்சத்தில்’ என்ற தொடர் முற்றிலும் ஒழியட்டும்.

7. *பிறமொழி வீடுகள்.* தமிழ் வாசிக்காத பெற்றோருக்குக் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி ஓரளவு உதவும். எனினும் தேதி, நேரம், மருந்தின் அளவு ஆகிய மூன்றையும் அச்செயலியிடம் விட்டுவிடலாகாது. இருமொழியும் அறிந்த பண்ணை மேற்பார்வையாளரோ, மேல்வகுப்பில் படிக்கும் அண்ணன் அக்காளோ வாய்மொழியாக விளக்குவதே பத்திரமானது.

8. *சேர்ப்பித்தல்.* தாளை மாலையில், பள்ளி விடும்பொழுது, குழந்தையின் பையில் நீங்களே வைக்கும்படியான ஏற்பாடு செய்யுங்கள். அதே மாலை ஏழு மணியளவில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நிமிஷத்துக்கு மிகாத குரல்பதிவாக அம்மடலை வாசித்து அனுப்புங்கள். எழுத்தறியாதவரும் இருமுறை கேட்டுக்கொள்வார். மூன்றாவது பிரதி பள்ளியின் வாயிற்கதவருகே ஒட்டப்பட வேண்டும்.

குறிப்பு: சனிக்கிழமையிலும் தேர்வுக்கு முந்தைய நாளிலும் மடல் அனுப்பாதீர்கள். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாளை நிச்சயித்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் அந்நாளை மாற்றாதிருப்பீர்களாயின், மூன்றாவது மாதத்திலிருந்து பெற்றோர்களே ‘மடல் எங்கே?’ என்று குழந்தையைக் கேட்பார்கள்.

மாதிரி மடல்: 2026 ஜூலை

காவிரிக்கரை ஊரொன்றின் பள்ளிக்கென எழுதப்பட்டது. உங்கள் ஊருக்குத் தக்கவாறு மாற்றிக்கொள்ளுங்கள்.

> அன்புள்ள பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.
>
> இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னக் கதைப் புத்தகங்களைத் தாங்களாகவே வாசிக்கிறார்கள். இன்று இரவு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தப்பு வந்தால் திட்ட வேண்டாம். கேட்டாலே போதும்.
>
> 1. ஜூலை 15, புதன்கிழமை. காமராசர் பிறந்த நாள். கல்வி வளர்ச்சி நாள் விழா காலை 10 மணிக்கு. நீங்களும் வாருங்கள். இதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை. புது உடுப்பும் வேண்டியதில்லை.
>
> 2. காலை உணவு தினமும் பள்ளியில் உண்டு. பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளையை அனுப்புங்கள். ஏதாவது உணவு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் வகுப்பு டீச்சரிடம் சொல்லுங்கள்.
>
> 3. ஆகஸ்ட் 3, திங்கள்கிழமை. ஆடிப் பெருக்கு. ஆற்றுக்குப் போனால் பிள்ளையின் கையை விடாதீர்கள். படித்துறையை விட்டு வேறு இடத்தில் இறங்க வேண்டாம். மேட்டூரில் தண்ணீர் அதிகம் திறந்திருந்தால் கரைக்கே போக வேண்டாம்.
>
> அன்று உள்ளூர் விடுமுறையா என்பதை, மாவட்ட ஆட்சியர் அறிவித்த பிறகு சொல்கிறோம்.
>
> ஏதாவது கேட்க வேண்டுமானால், மாலை பள்ளி விட்ட பிறகு என்னை வந்து பாருங்கள். அழைத்தாலும் பேசுவேன்.
>
> இப்படிக்கு,
> தலைமை ஆசிரியர்
>
> குழந்தைகள் உதவி எண்: 1098. பள்ளிக் கல்வித் துறை உதவி எண்: 14417.
>
> - - - - - - - -
> மடலை வாசித்தோம் / வாசிக்கக் கேட்டோம்.
> பிள்ளையின் பெயர்: ........ வகுப்பு: ........
> கையெழுத்து: ........ பிள்ளைக்கு என்ன உறவு: ........

அடியில் கிழித்தனுப்பும் துண்டில் ‘என்ன உறவு’ என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். ‘தந்தை / பாதுகாவலர் ஒப்பம்’ என்று அச்சிட்டால், தந்தை ஊரில் இல்லாத வீட்டுக் குழந்தை பதிலளிக்க இயலாமல் கூசி நிற்கும்.

பருவந்தோறும் நினைவூட்ட வேண்டியவை

நம் தொடக்கப் பள்ளிகளில் 2012-13 முதல் முப்பருவ முறை நடைமுறையில் உள்ளதாகையால் ஆண்டு தானே மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. மடல்களும் அப்பிரிவைத் தழுவிச் செல்லலாம்.

ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரையில் ஆவணங்களும் ஆறும் முதன்மை பெறும். 5 வயது நிறைந்த குழந்தைக்கு ஆதாரில் கைரேகையும் கண்விழிப் பதிவும் புதுப்பிக்கப்பட வேண்டும். 3 முதல் 5 ஆம் வகுப்பு வரையிலான ஊரகப் பெண்குழந்தைகளுக்குரிய ஊக்கத்தொகைக்கு வங்கிக் கணக்கும் சாதிச் சான்றிதழும் வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் ஒரே மடலில் திணித்துவிடாமல் மாதத்திற்கொன்றாகக் கேளுங்கள், தினக்கூலி இழந்து இ-சேவை மையத்தில் நிற்பவர் அந்தத் தாய்தான் என்பதை நினைவிற்கொண்டு.

ஆறு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை தன் முழு நீர்மட்டமான 120 அடியை எட்டி, உபரி நீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில், குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோரத் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுவதுண்டு. அக்காலம் பெரும்பாலும் ஆடியிலும் ஆவணியிலும் அமைகிறது. ஆடிப் பதினெட்டிலோ, மோகனூர், பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம் எங்கும் குடும்பங்கள் குடும்பங்களாக ஆற்றங்கரைக்குச் செல்கின்றன. ஆகவே நீர்ப் பாதுகாப்புப் பற்றிய எச்சரிக்கை ஜூலை முதல் வாரத்திலேயே வீடு சென்று சேர்ந்திருக்க வேண்டும். ஆற்றை விட்டு விலகியிருக்கும் ஊர்களில் இவ்வெச்சரிக்கையைக் கைவிட்டுவிடலாகாது. அங்கே கிணறும், கல்வெட்டிய குழிகளில் தேங்கிய மழைநீரும் அதே ஆபத்தை உடையவை. கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா ஆடி 17, 18 நாள்களில் நடப்பதால் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தைகளுள் பலர் மலைக்கும் போவார்கள். அருவியில் குளிக்கும் குழந்தையைப் பற்றியும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் மழையும் கொசுவும். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. தெளிந்த நீரில் முட்டையிடுவது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். எனவே ‘சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருங்கள்’ என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. ‘வீட்டைச் சுற்றியுள்ள பழைய லாரி டயர், தேங்காய்த் தொட்டி, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி, மூடியில்லாத தொட்டி ஆகியவற்றை ஞாயிறுதோறும் கவிழ்த்துவிடுங்கள்’ என்றெழுதினால், வாரம் ஒருமுறை செய்வதாலேயே கொசுவின் வளர்ச்சி தடைப்படும். லாரிப் பட்டறைகள் நிறைந்த நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் டயரைப் பெயர் குறித்துச் சொல்வது மிகவும் அவசியம்.

ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரையில் கோவில் திருவிழாக்களும் கோடை வெயிலும். மாரியம்மன் பண்டிகை வாரத்தில் வருகை குறைவது இயல்பு. அதைக் கண்டிக்கும் மடலை எழுதுவதைவிட, திருவிழா நாளை முன்கூட்டியே அறிந்து, அவ்வாரத்தில் முக்கியமான மதிப்பீட்டை வைக்காதிருத்தலே விவேகம். வெயில் ஏறியபின் தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் பற்றி எழுதுங்கள். அரசுப் பள்ளிகளில் அண்மை ஆண்டுகளாக மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுவதால், 5 வயது நிறையும் தம்பி தங்கையரைப் பற்றியும் அம்மாத மடலில் கேட்டுவிடலாம்.

உணவும் உடல்நலமும் பற்றி எழுதும்பொழுது

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. மதிய உணவிலோ வாரத்தின் ஐந்து நாளும் முட்டை உண்டு; முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம். இந்த ஏற்பாட்டைப் பெற்றோர் அறிந்திருக்கிறார்களா என்று ஆண்டுக்கொருமுறையேனும் உறுதி செய்துகொள்ளுங்கள். ‘எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை’ என்று சொல்லக் கூசும் குழந்தை பசியோடு தட்டைத் தள்ளி வைக்கும்.

குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாக இவ்வரிசையில் தெரிவியுங்கள்:

1. மாத்திரையின் பெயர் அல்பெண்டசோல். பள்ளிக் குழந்தைக்கு 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை.
2. அதை நன்றாக மென்று விழுங்க வேண்டும். அப்படியே விழுங்கினால் புரையேறக்கூடும்.
3. அன்று காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்குக் கொடுக்கப்படாது. குணமான பின் கொடுக்கப்படும்.
4. வேறெந்த மருந்தேனும் உட்கொண்டுவரும் குழந்தையின் பெற்றோர் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
5. புழு அதிகமுள்ள குழந்தைக்குச் சிறிது வயிற்றுவலியோ குமட்டலோ தோன்றி விரைவில் நீங்கலாம். நீங்காவிடில் 104 என்ற எண்ணிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம்.

ஐந்தாவது செய்தியை மறைப்பது பெரும்பிழை. முன்பே சொல்லியிருந்தால் தாய் பதறமாட்டாள். சொல்லாதிருந்தால் ஒரு குழந்தையின் குமட்டல் ஊர் முழுவதும் வதந்தியாகப் பரவி, அடுத்த முறை பாதி வகுப்பு மாத்திரையை மறுத்துவிடும்.

அம்மை போட்ட குழந்தை, கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்காகும் வரையிலும், பொன்னுக்கு வீங்கி கண்ட குழந்தை வீக்கம் தோன்றிய பின் ஐந்து நாளும் வீட்டில் இருக்கட்டும் என்றெழுதுங்கள். நோயுற்ற குழந்தையின் பெயரையோ தெருவையோ குறிப்பிடாதீர்கள். தலைப்பேன் பற்றிய நினைவூட்டலும் அவ்வாறே, வகுப்பு முழுமைக்கும் பொதுவாகச் செல்ல வேண்டும்.

அவசரச் செய்தி

மழை விடுமுறை, வெள்ள எச்சரிக்கை, பள்ளி நேர மாற்றம் ஆகியவை மாத மடலுக்குக் காத்திரா. அவற்றுக்கான வரிசை வேறு.

1. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பையோ வட்டாரக் கல்வி அலுவலரின் ஆணையையோ கண்ணால் கண்டபின்னரே அனுப்புங்கள். பக்கத்து மாவட்ட அறிவிப்பும், சென்ற ஆண்டின் படமும் மழைக்காலத்தில் கைப்பேசிதோறும் உலாவும்.
2. முதல் வரியிலேயே முடிவைச் சொல்லுங்கள்: ‘இன்று (நவம்பர் 12, வியாழன்) நம் பள்ளிக்கு விடுமுறை.’ காரணம் பின்னே வரட்டும்.
3. குழுவில் அனுப்பியதோடு நில்லாமல், கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு அண்டை வீட்டார் வழியாகச் சொல்ல ஏற்பாடு இருக்கட்டும். ஒவ்வொரு தெருவுக்கும் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரை ஜூனிலேயே நியமித்துவிடுங்கள்.
4. பள்ளி நடுவே விடப்படுமானால், பெரியவர் ஒருவர் வந்து அழைத்துச்செல்லும் வரை குழந்தையை வெளியே அனுப்பாதீர்கள். பூட்டிய வீட்டின் முன் மழையில் நிற்கும் குழந்தைக்கு நேரக்கூடிய தீங்குகள் பல.
5. உயிர் ஆபத்து எனில் முதலில் 108, அதன்பின் பெற்றோர், அதன்பின்னரே மேலதிகாரிகள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

மிகக் கொடியது, பெயர்ப் பட்டியல். வராதோர், வீட்டுப்பாடம் செய்யாதோர், படிவம் தராதோர் ஆகியோரின் பெயர்களை வாட்ஸ்அப் குழுவில் வெளியிடும் வழக்கம் சில பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் விலக்கியிருக்க, ஊரறியப் பெயர் படிப்பது அதன் உணர்வுக்கே முரணானது. செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்விட்ட குழந்தையை அப்பட்டியல் திரும்ப அழைத்துவராது. நேரில் சென்று பேசினால் ஒருவேளை வரும். தனி ஒருவரைப் பற்றியது எதுவாயினும் தனியே சொல்லப்பட வேண்டும்.

அடுத்தது மிரட்டல். ‘வராவிடில் நலத்திட்டப் பொருள் வழங்கப்படமாட்டாது’ என்று எழுத உங்களுக்கு அதிகாரமுமில்லை, அவசியமுமில்லை.

முதல் நாள் மாலையில் ‘நாளை வெள்ளைச் சட்டை’ என்றறிவிப்பது வேறொரு பிழை. இரவு ஷிப்டுக்குப் போகும் தாய் எங்கே போய் வாங்குவாள்? ஒரு வார அவகாசம் கொடுக்க இயலாததைக் கேட்காமலே விட்டுவிடலாம்.

வகுப்புக் குழுவில் வாழ்த்துப் படங்களும் அரசியல் செய்திகளும் விற்பனை விளம்பரங்களும் குவியவிட்டால், தேவையான அறிவிப்பு அவற்றின் அடியில் மறைந்துவிடும். குழுவில் ஆசிரியர் மட்டுமே எழுதலாம் என்று அமைத்துவிட்டு, பெற்றோர் தனியே பதிலளிக்கும்படி செய்யுங்கள்.

குழந்தைகளின் பாதுகாப்புக்காக

விழாப் படங்களைப் பகிர்வதில் நமக்கு ஆவல் மிகுதி. 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டுமென 2023 ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. ஜூன் மாதமே எழுத்துமூலம் சம்மதம் பெறுங்கள்; சம்மதியாதவரின் குழந்தையை விழாவிலிருந்து விலக்காமல் படத்திலிருந்து மட்டும் விலக்குங்கள். படத்தின் கீழே முழுப் பெயரையும், வகுப்பையும், ஊரையும் சேர்த்தெழுத வேண்டாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், எமிஸ் எண் ஆகியவற்றைக் குழுவில் அனுப்பச் சொல்லவே கூடாது.

குழந்தையை அழைத்துச்செல்ல அனுமதிக்கப்பட்ட பெரியவர்களின் பெயர்களை ஆண்டுதோறும் கேட்டு வாங்கி, அப்பட்டியலில் இல்லாதவர் வந்தால் தொலைபேசியில் உறுதி செய்த பின்னரே அனுப்புவோம் என்பதை மடலிலேயே அறிவித்துவிடுங்கள். வாயிலில் உங்கள் மறுப்பைக் கேட்டு எவரும் பின்னர் மனத்தாங்கல் கொள்ளார்.

குழந்தையொன்று தனக்கு நேர்ந்த பாலியல் தீங்கைப் பற்றி உங்களிடமோ ஆசிரியரிடமோ சொல்லுமானால், அது எந்த மடலுக்கும் எந்தக் குழுவுக்கும் உரியதன்று. 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய இரண்டையும் ஒவ்வொரு மாத மடலின் அடியிலும் தவறாமல் அச்சிடுங்கள்.

மடல் சேர்ந்ததா என்று அறிதல்

1. மூன்றாம் நாள், திரும்பி வந்த துண்டுகளை எண்ணுங்கள்.
2. வராத வீடுகளின் பெயர்களை வகுப்பாசிரியரிடம் மட்டும் கொடுத்து, கைப்பேசியில் அழைத்துப் பேசச் செய்யுங்கள். அப்பேச்சு ‘ஏன் அனுப்பவில்லை?’ என்று தொடங்காமல் ‘பிள்ளை நலமா?’ என்று தொடங்கட்டும்.
3. தொடர்ந்து இரு மாதம் துண்டு வராத வீட்டுக்கு நேரில் செல்லுங்கள். வேலை தேடிக் குடிபெயர்ந்திருக்கலாம், தொலைபேசி எண் மாறியிருக்கலாம், வாசித்துச் சொல்ல ஆளில்லாதிருக்கலாம். மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.
4. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை மடலின் பின்புறத்திலேயே எழுதிவையுங்கள். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் அவ்வரி தெளிவாக எழுதப்படவில்லை என்று கொள்க.
5. ஆண்டின் மடல்கள் அனைத்தையும் மாதவாரியாக ஒரே கோப்பில் தைத்து, பணிமாற்றம் நேருங்கால் மற்றப் பதிவேடுகளோடு சேர்த்து அடுத்த தலைமை ஆசிரியரிடம் ஒப்படையுங்கள். தெருவுக்கொருவராக நியமித்தவர்களின் பெயரும் எண்ணும் அக்கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.